நடுவில் ஒன்றுமில்லை, அதைத்தான் இரண்டும் சுற்றுகின்றன

இரண்டு கோள்கள். ஒன்று முழுக்க மணல். மற்றொன்று முழுக்கக் குகைகளும் பள்ளத்தாக்குகளும். இரண்டும் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அப்படிச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுகின்றன. அது போதாதென்று, ஒன்றின் மணல் தூண்போல எழுந்து, இடையிலுள்ள வெட்டவெளியைத் தாண்டி, மற்றொன்றின் மேல் கொட்டுகிறது! 'அவுட்டர் வைல்ட்ஸ்' விளையாடியவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். ஹவர்கிளாஸ் ட்வின்ஸ். மணற்கடிகார இரட்டையர். மணல் நிறைந்தது ஆஷ் ட்வின், குகைகள் நிறைந்தது எம்பர் ட்வின்.

விளையாடாதவர்கள் பயப்பட வேண்டாம். கதையின் முடிச்சு எதையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது திரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு மட்டும். இந்த ஜோடியை எப்படிச் சுற்ற வைத்தார்கள்? ஏன் ஒன்றோடொன்று மோதவில்லை? ஏன் சூரியன் இவற்றைப் பிய்த்து எறியவில்லை? இந்தக் கேள்விகளுக்குள் நுழைந்தால் வெளியே வர மனமே வராது. நான் இன்னும் வரவில்லை.

முதலில் கேமைப் பற்றிக் கொஞ்சம். அலெக்ஸ் பீச்சம் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியது இது. 2015-இல், முழு வடிவம் பெறாத நிலையிலேயே சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசை வென்றது. பிறகு நடிகர் மாசி ஓகா தொடங்கிய மோபியஸ் டிஜிட்டல் நிறுவனம் இதை முழுமையாக்க, அன்னபூர்ணா இன்டராக்டிவ் 2019 மே மாதம் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருது. 22 நிமிடங்களில் சூரியன் வெடிக்கும், காலம் பின்னோக்கி ஓடும், மறுபடி முதலிலிருந்து. அந்த 22 நிமிடங்களுக்குள்தான் ஆஷ் ட்வினின் மணல் எம்பர் ட்வினுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு பக்கம் புதைந்திருந்த கோபுரங்கள் வெளியே வர, மறுபக்கம் குகைகள் அடைபடுகின்றன. சீக்கிரம் போனால் இங்கே பார்க்கலாம், தாமதித்தால் அங்கே பார்க்கலாம். கடிகாரத்தையே இரண்டு உலகங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள்!

இப்போது உள்ளே போவோம்.

பெரும்பாலான விண்வெளி கேம்களில் கோள்கள் தண்டவாளத்தில் ஓடுகின்றன. அதாவது, இந்த நொடியில் இந்தக் கோள் இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு சூத்திரம் சொல்லும். கோள் அங்கே கொண்டுபோய் வைக்கப்படும். ஈர்ப்பு அதைத் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. அவுட்டர் வைல்ட்ஸ் அப்படியல்ல. யூனிட்டி எஞ்சினில் ஒவ்வொரு கோளும் ஒரு பொருள்; அதற்குத் தொடக்கத்தில் ஒரு வேகம் கொடுக்கப்படுகிறது; அதன்பின் சூரியனின் இழுவிசை ஒவ்வொரு கணமும் அதை வளைக்கிறது. பாதை யாரும் வரைந்ததல்ல, விசையால் விளைவது. இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் நின்றுகொண்டிருந்த கோள் உண்மையாகவே சூரியனை நோக்கி விழுந்துகொண்டே இருந்திருக்கிறது!

ஒற்றைக் கோளுக்கு இது எளிது. ஜோடிக்கு? அங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பிக்கிறது.

சின்ன வயதில் கைகோத்துத் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். இருவரும் ஒரே எடை என்றால் சுற்றின் மையம் சரியாக நடுவில், இரு கைகள் கோத்த இடத்தில் இருக்கும். ஒருவர் கனமானவர் என்றால் மையம் அவர் பக்கம் நகரும். கோள் ஜோடியும் அதே கணக்குத்தான். பூமியும் நிலவும்கூடப் பொதுவான ஒரு நிறை மையத்தைத்தான் சுற்றுகின்றன. ஆனால் பூமி நிலவைவிட 81 மடங்கு கனம் என்பதால், அந்த மையம் பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டரில், பூமிக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதனால் நமக்கு அது தெரிவதில்லை. புளூட்டோவுக்குப் போனால் கதை வேறு. அதன் துணை சாரன், குறுக்களவில் புளூட்டோவில் பாதி. பொது மையம் புளூட்டோவுக்கு வெளியே, வெற்று வெளியில் இருக்கிறது. புளூட்டோவின் மற்ற நான்கு குட்டி நிலவுகளான ஸ்டிக்ஸ், நிக்ஸ், கெர்பெரோஸ், ஹைட்ரா ஆகியவை அந்த வெற்றுப் புள்ளியைத்தான் சுற்றி வருகின்றன. ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றி நான்கு நிலவுகள்! இதைவிட அழகான செய்தி சூரியக் குடும்பத்தில் உண்டா என்று தெரியவில்லை.

அந்த வெற்றுப் புள்ளிதான் கேம் செய்தவர்களுக்கும் கைகொடுத்திருக்கிறது. கேமின் உள்ளே எட்டிப் பார்த்து, தாங்களே புதுக் கோள்களைச் சேர்த்து விளையாடும் மாட் ஆர்வலர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆஷ் ட்வின் உள்ளே 'டவர் ட்வின்' என்ற பெயரில் இருக்கிறது, எம்பர் ட்வின் 'கேவ் ட்வின்' என்ற பெயரில். இவை இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பெயர் 'ஃபோக்கல் பாடி'. கண்ணுக்குத் தெரியாது. மலையில்லை, மண்ணில்லை. இருவருக்கும் நடுவே இருந்துகொண்டு அதுதான் சூரியனைச் சுற்றுகிறது. இரட்டையர் அதைச் சுற்றுகிறார்கள்.

ஏன் இப்படி ஓர் ஆவி உலகம் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கோள்களையும் நேரடியாகச் சூரியனிடம் ஒப்படைத்தால், எந்தக் கணத்திலும் ஒன்று சூரியனுக்குக் கொஞ்சம் அருகில், மற்றொன்று கொஞ்சம் தள்ளி இருக்கும். அருகில் இருப்பதைச் சூரியன் அதிகமாக இழுக்கும். அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் ஜோடியைப் பிரிக்கப் பார்க்கும். அதிலும் இந்த இரட்டையர்தான் கேமில் சூரியனுக்கு மிக அருகே இருக்கும் கோள்கள்! நடுவில் ஒரு புள்ளியை வைத்து, சூரியனின் இழுப்பை அந்தப் புள்ளியின் கணக்கில் எழுதிவிட்டால் இருவரும் சமமாக இழுக்கப்படுகிறார்கள், கை விலகுவதில்லை. ஜோடியின் நடனம் தனி, சூரியனைச் சுற்றும் பயணம் தனி.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல எனக்கு மனமில்லை. வானியலாளர்கள் தாளில் செய்வதும் இதுவேதான். இரண்டு உடல்கள் என்ற சிக்கலை, நிறை மையத்தின் இயக்கம் என்றும், அதைச் சுற்றிய உறவு இயக்கம் என்றும் இரண்டாகப் பிரிப்பது இயற்பியலின் முதல் பாடங்களில் ஒன்று. நியூட்டன் காலத்திலிருந்து கணக்கில் மட்டும் வாழ்ந்த ஒரு புள்ளிக்கு மோபியஸ்காரர்கள் ஒரு பெயரும் ஒரு கோப்பும் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு திரை விலக்குகிறேன். இந்தக் கேமின் ஈர்ப்பு நம்முடைய ஈர்ப்பு அல்ல!

நம் உலகில் தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகிறது. கேமில் சூரியனும் சில நிலவுகளும் இந்த விதியைப் பின்பற்றுகின்றன. ஆனால் பெரும்பாலான கோள்களுக்கு விதி வேறு: தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு பாதியாகிறது. காரணம் கணக்கிலேயே தெரிகிறது. இந்தக் கோள்களின் ஆரம் சில நூறு மீட்டர்தான். நம் விதியை வைத்தால், கப்பல் கொஞ்சம் மேலெழுந்ததுமே கோளின் பிடி கரைந்துவிடும்; இறங்குவதே பெரும்பாடாகிவிடும். மென்மையான விதியில் பிடி மெல்ல மெல்லத்தான் விடும்.

அந்தச் சின்ன மாற்றம் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள். 250 மீட்டர் ஆரமுள்ள ஒரு கோள், தரையில் பூமிக்குச் சமமான ஈர்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தரையை ஒட்டிச் சுற்றத் தேவையான வேகம் நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர். ஒரு நல்ல ரயில் ஓடும் வேகம்! ஒரு முழுச் சுற்றுக்கு 32 நொடி. இனி உயரே போவோம். நம் ஈர்ப்பில், உயரே போகப் போகச் சுற்றும் வேகம் குறையும்: 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு 7.7 கிலோமீட்டர் போகிறது, நிலவோ நொடிக்கு 1 கிலோமீட்டர்தான். கேமின் மென்விதியில்? எந்த உயரத்திலும் அதே 50 மீட்டர்! தூரம் கணக்கிலிருந்து அடிபட்டே போகிறது. இரட்டையருக்கும் அப்படியே: சம எடையுள்ள ஜோடி இந்த விதியில் ஒன்றையொன்று சுற்றினால், நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் நடன வேகம் மாறாது. நானே தாளில் போட்டுப் பார்த்து, நம்ப முடியாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே விடை.

எந்தத் தூரத்திலும் ஒரே வேகம் என்பதை வானியலில் வேறோர் இடத்திலும் பார்த்திருக்கிறோம். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் வெளிவிளிம்பில் சுழலும் வேகம் குறையவில்லை என்று வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-இல் அளந்து எழுதினார்கள். கரும்பொருள் பற்றிய இன்றைய தேடலுக்குப் பெரும் உந்துதல் தந்த அளவீடுகளில் அதுவும் ஒன்று. மண்டலங்களின் விளிம்பில் இயற்கை செய்வதாகத் தோன்றும் ஒன்றை, கப்பல் இறங்க வசதியாக ஒரு கேம் தன் குட்டிக் கோள்களில் செய்திருக்கிறது!

இந்த மென்விதிக்கு ஒரு விபரீதமும் உண்டு. இதில் தப்பிக்கும் வேகம் என்பதே கிடையாது. எவ்வளவு வேகமாகப் புறப்பட்டாலும் ஒருநாள் கோள் உங்களைத் திரும்ப இழுத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு கோளின் ஈர்ப்புக்கும் ஓர் எல்லைக் கோளம் போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் விடுதலை.

மணலுக்கு வருவோம். ஒரு கோளிலிருந்து இன்னொன்றுக்குப் பொருள் ஓடுமா? விண்மீன்களில் ஓடும். நெருங்கிச் சுற்றும் இரட்டை விண்மீன்களில் ஒன்று வீங்கித் தன் எல்லையைத் தாண்டினால், இருவரின் இழுப்பும் சமன்படும் இடைப்புள்ளி வழியாக அதன் வாயு மற்றதற்கு வழிந்தோடும். அந்த எல்லைக்குப் பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் ரோஷின் பெயர். சம எடை ஜோடியில் ஒவ்வொருவருக்குமான எல்லையின் ஆரம், இடைவெளியில் சுமார் 38 சதவீதம். கண்ணால் பார்க்கும் அல்கோல் விண்மீனிலேயே இந்தக் கைமாற்றம் நடக்கிறது.

அப்படியானால் இன்னொரு கேள்வி எழ வேண்டும். மணல் இடம் மாறினால் எடை மாறும். எடை மாறினால் பாதை மாற வேண்டாமா? கட்டாயம் மாற வேண்டும், நம் ஈர்ப்பு விதியில். கனமான கோள் மணலை இழக்கும்போது இருவரும் நெருங்குவார்கள். எடை சமமாகும் கணத்தில் மிக நெருக்கம். அதற்குப் பிறகும் மணல் அதே திசையில் ஓடினால் மெல்ல விலகுவார்கள். கோண உந்தம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து இவ்வளவும் வந்துவிடுகிறது. அதாவது உண்மையான மணற்கடிகார ஜோடி 22 நிமிடங்களில் ஒரு முறை மூச்சை இழுத்து விடும்!

கேமில் இந்த மூச்சு இல்லை. இடைவெளி மாறுவதே இல்லை. ஏனென்றால் உள்ளே மணலே துகள்களாக ஓடவில்லை. ஆஷ் ட்வினுக்குள் ஒரு மணல் கோளம் சுருங்குகிறது, எம்பர் ட்வினுக்குள் இன்னொரு மணல் கோளம் பெருக்கிறது. நடுவில் தெரியும் தூண், 'சாண்ட் ஃபனல்' என்ற தனிப் பொருள். மூன்றும் ஒரே நேர அட்டவணையில் ஓட, நம் கண் அதை ஒரே பாய்ச்சலாகச் சேர்த்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்தத் தூணின் கீழே போய் நின்றேன். பிரமிப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை. எம்பர் ட்வின் குகையில் மணல் காலடியில் ஏறும்போது, அது சுருங்கும் கோளமா பெருக்கும் கோளமா என்று யார் யோசிப்பார்கள்? ஓட வேண்டியதுதான்!

நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு புதிர். இவ்வளவு நெருக்கமான ஜோடி, காலப்போக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி பூட்டிக்கொள்ளும். புளூட்டோவும் சாரனும் அப்படித்தான்: இருவரும் 6.4 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறார்கள், இருவரின் முகமும் திரும்புவதே இல்லை. புளூட்டோவின் ஒரு பாதியில் நின்றால் சாரன் வானத்தில் அசையாமல் தொங்கும். மறுபாதியில் நின்றால் அப்படியொரு துணை இருப்பதே தெரியாது. மணற்கடிகார இரட்டையர் பூட்டிக்கொள்ளவில்லை. அதனால் மணல் தூண் நடுக்கோட்டை ஒட்டி ஊர்ந்துகொண்டே போகிறது; ஆஷ் ட்வினின் கோபுரங்களை ஒவ்வொன்றாகக் கடக்கிறது. பூட்டியிருந்தால் தூண் ஓரிடத்திலேயே நிலைகுத்தி நிற்கும், விளையாட்டு செத்துவிடும். இங்கே இயற்பியலைக் கைவிட்டது நூற்றுக்கு நூறு சரியான முடிவு.

அப்புறம், இரட்டையரில் ஒன்றில் கப்பலை இறக்கிப் பார்த்திருக்கிறீர்களா? தானோட்டி சூரியன் குறுக்கே இருப்பதைப் பொருட்படுத்தாமல் நேராக அதற்குள்ளேயே கொண்டுபோய்விடும் என்பது இந்தக் கேமின் புகழ்பெற்ற ஆபத்து. கையால் ஓட்டினாலும் இலக்கு நேர்க்கோட்டில் போவதில்லை. சூரியனைச் சுற்றும் வேகம் ஒன்று, நடுப்புள்ளியைச் சுற்றும் வேகம் ஒன்று. அரைச்சுற்றில் இரண்டும் கூடும், மறு அரைச்சுற்றில் கழியும். சூரியனிலிருந்து பார்த்தால் பாதை நெளிநெளியாகத் தெரியும். நம் நிலவின் பாதையும் அப்படி நெளியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை! நிலவின் பாதை எங்குமே சூரியனுக்கு எதிர்ப்புறமாக வளைவதில்லை. ஏனென்றால் நிலவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இரண்டு மடங்குக்கும் மேலாக இழுக்கிறது. கேமில் நெளியும் இலக்கைப் பிடிக்க, 'மேட்ச் வெலாசிட்டி' பொத்தானை அழுத்தி இலக்கின் வேகத்தோடு நம் வேகத்தை ஒன்றாக்கிக்கொள்வதுதான் வழி. பிறகு பாருங்கள், பம்பரமாகச் சுற்றிய கோள் சட்டென்று அசையாமல் நிற்கும், மிச்சப் பிரபஞ்சம் சுற்ற ஆரம்பிக்கும்.

அது வெறும் தோற்றம்கூட இல்லை. கேமின் உள்ளே உண்மையாகவே அப்படித்தான் நடக்கிறது! கேம் எஞ்சின் இடங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் எண்களின் துல்லியம் ஏறத்தாழ ஏழு இலக்கங்களுக்கு மேல் தாங்காது; மையத்திலிருந்து தூரம் போகப் போகப் பிழை பெருகி எல்லாம் நடுங்கத் தொடங்கும். அதனால் விளையாடுபவரை மையத்தில் நிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் நகர்த்துகிறார்கள். நீங்கள் குதித்தால் நீங்கள் எழுவதில்லை. கோள் கீழே போகிறது. சூரியனும் சேர்ந்து கீழே போகிறது. கோபர்நிக்கஸ் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

ஜோடிக் கோள் எவ்வளவு கடினம் என்பதற்கு 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்ற கேம் சாட்சி. அங்கே கோள்கள் தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. விண்கலம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்பைத்தான் உணரும். இரண்டு கோள்களுக்கு நடுவில் போய் நின்றால் யார் இழுப்பது? அந்த முறையில் விடையே இல்லை. இரண்டாம் பாகத்தை 2019-இல் அறிவித்தபோது ராஸ்க், ரஸ்க் என்ற ஜோடிக் கோள்களைக் காட்டினார்கள். ஏங்கிக் காத்திருந்தோம். 2023 பிப்ரவரியில் கேமின் முன்வடிவம் வந்தது. அந்த ஜோடி கடைசிவரை வரவேயில்லை. முதல் பாகத்துக்கு 'பிரின்சிபியா' என்ற மாட் செய்தவர்கள் எல்லாக் கோள்களும் எல்லாவற்றையும் இழுக்கும்படி கணக்கை மாற்றினார்கள். உடனே ஜூல் என்ற பெருங்கோளின் நிலவுக் குடும்பம் நிலைகுலைந்தது. குடும்பம் சிதறாமல் இருக்க, பாப் என்ற நிலவை எதிர்த்திசையில் சுற்ற வைக்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும், இரு சம உலகங்கள் கைகோத்துச் சுற்றுவது கேமில் மட்டும்தானே என்று நினைத்தால், 90 ஆன்டியோப்பி என்ற சிறுகோளைத் தேடிப் பாருங்கள். 1866-இல் கண்டுபிடித்தபோது ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரிந்தது. 2000-இல் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியில் பார்த்தால், இரண்டு! ஒவ்வொன்றும் சுமார் 86 கிலோமீட்டர் குறுக்களவு, இடைவெளி 171 கிலோமீட்டர், பதினாறரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. ஏறத்தாழச் சமமான இரட்டையர், நடுவில் வெற்றுப் புள்ளி.

இன்னொரு ஜோடியை நாம் அருகிலேயே போய்ப் பார்க்கப் போகிறோம். வியாழனின் பாதையில் உலவும் பட்ரோக்ளஸ், மெனோஷியஸ். இரண்டுமே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் குறுக்களவு, நான்கேகால் நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. 2021 அக்டோபரில் புறப்பட்ட நாசாவின் லூசி விண்கலம் 2033 மார்ச்சில் அவற்றைக் கடந்து செல்லும். அதற்குள் நீங்கள் ஒருமுறை எம்பர் ட்வினில் இறங்கி, அங்கே வானத்தைப் பார்த்தபடி முகாமிட்டிருக்கும் செர்ட் என்பவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுங்கள். தானோட்டியை மட்டும் தொடாதீர்கள்.